பல்லுக்குப் பின்னால் ஒரு த

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இசைத் தயாரிப்பாளன் மறுபடியும் கேட்டான். உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் ஐரிஷாக வேண்டுமாம்.

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். பிய்த்து எறியத்தான் கை பரபரத்தது.

லண்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. பதினெட்டு வயதில் அயர்லாந்திலிருந்து வந்து பாடிய, அவளை ஊரறியச் செய்த அதே பாட்டை இன்று புதிதாகப் பதிவு செய்கிறார்கள்.

'மூன்று கதவு திறந்து உன்னிடம் வந்தேன்' என்று தொடங்கும் பல்லவி.

அந்த மூன்றில்தான் வம்பு.

ஆங்கிலேயன் தன் பாஷையில் மூன்று என்று சொன்னால் நாக்கு நுனி இரண்டு பல்வரிசைக்கும் நடுவே எட்டிப் பார்க்கும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மீன் வாடை வீசும் அவள் ஊரில், நாக்கு அந்தப் பாடெல்லாம் படாது. மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

த்ரீ.

நம் வாயில் வருகிற அதே த. சுத்தமான த.

லண்டன் காதுக்கு அது ட்ரீ என்று கேட்டது. ட்ரீ என்றால் மரம்.

அன்று இதே ஊரில் வேறொரு கண்ணாடிக்குப் பின்னால் வேறொருவன் இருந்தான். "மூணு கதவா, மரக்கதவா?" என்றான். வயலின்காரர்கள் வில்லை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்தபின் அவளுக்கு ஓர் ஆசிரியையை வைத்தார்கள். நாக்கு வெளியே தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். அவள் பெயரையும் மாற்றினார்கள். அது போனால் போகிறதென்று விட்டுவிட்டாள். பெயர் அடுத்தவர் வாயில் இருப்பது. நாக்கு அவள் வாய்க்குள் அல்லவா இருக்கிறது!

பாட்டு ஓடியது. ஓடு ஓடென்று ஓடியது. ரேடியோவைத் திருகினால் அவள்தான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன் செய்தாள். அம்மாதான் எடுத்தாள். லைன் கரகரத்தது. ஹலோ, நான் பேசுவது கேட்கிறதா என்று இவள் விசாரித்தாள்.

அம்மா என்று கூப்பிடுவதற்குள், அம்மாவே மிகுந்த மரியாதையோடு பேசிவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். என் மக இங்க இல்லையே. லண்டன்ல பாட்டுக்காரியா இருக்கா."

போனை வைத்தும்விட்டாள்.

இந்தக் கதையை எத்தனையோ பேட்டிகளில் அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அம்மா செத்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இப்போது காலம் மாறிவிட்டதாம். ஐரிஷ் உச்சரிப்புக்கு இன்று அப்படியொரு மவுசாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.

பாடிப் பார்த்தாள். நாக்கை வலிந்து உள்ளே இழுத்தாள்.

ட்ரீ.

ஐரிஷ்காரனை நக்கலடிக்க ஆங்கிலேயக் கோமாளிகள் மேடையில் சொல்வார்களே, அந்த ட்ரீ. பெற்ற ஊருக்கே பழிப்புக் காட்டியது போலிருந்தது. காது மடல் சுட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினான். குரலில் தேன் ஒழுகியது. கொஞ்சம் இயல்பாக, அம்மாவிடம் பேசுகிற மாதிரி முயன்று பார்க்கலாமா என்றான்.

அம்மாவிடம்.

அவ்வளவுதான்.

"எங்கம்மாகிட்டயா? த்ரீ! த்ரீ! த்ரீ! இப்படித்தான்டா வந்தேன் இங்க! காறித் துப்பச் சொன்னீங்க, துப்பினேன். இப்ப அதையே பொறுக்கி எடுத்து வாயில போட்டுக்கச் சொல்றியா?"

கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது.

அவளுக்கும் அது கேட்டது.

த.

பல்லுக்குப் பின்னால், அம்மா வைத்துவிட்டுப் போன இடத்தில், அப்படியே இருந்தது. எத்தனை வருஷம் தேடியிருப்பாள்! குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கார் ஓட்டும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கெஞ்சியபோதெல்லாம் வராதது ஆத்திரத்தில் வந்து நின்றது.

அந்தக் கோபத்துக்குள்ளும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அதேதான், அதேதான் என்று குதித்தான். பதிவு ஓடாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டான். அதை அப்படியே பாட்டில் வைத்துவிடுங்கள் என்றான். திட்டு வாங்கிய சுவடே அவன் முகத்தில் இல்லை. கேட்ட சரக்கு கடையில் இருந்துவிட்ட திருப்திதான் தெரிந்தது.

பதிவு ஓடுகிறதென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

பியானோ ஆரம்பித்தது.

த தயாராக இருந்தது. வாயைத் திறந்தால் போதும், வந்துவிடும். அதை அவளால் உணர முடிந்தது.

பல்லவி வந்தது.

அவள் அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

மூன்று என்று பாடினாள். குற்றம் சொல்ல முடியாத, அசல் லண்டன் மூன்று.

கண்ணாடி வழியே அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, நாக்கை முழுதாக வெளியே நீட்டினாள்.