ஈரம் படாத கை

வலையில் அடிபட்டு வந்த அந்த ஆண் மீனைத் துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்தினாள் ஆய்வாளர் தில்லைநாயகி. தெரிந்தவரை ஆற்றில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். விந்தில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் உயிரணுக்கள் விழித்து ஓடி, நிமிடத்தில் செத்துவிடும். பிறகு உறையவைத்துப் பயனில்லை. மீனின் வயிற்றை மெல்ல நீவினாள். பால்போல் ஒரு சொட்டு குழலில் ஏறியது.

“சினை மீனப் பாத்தே வருசக்கணக்காச்சு மேடம். யாருக்கு எடுத்து வைக்கிறீங்க?” என்றார் மீனைக் கொண்டுவந்த சவரியப்பன்.

“நீங்க வலையப் போட்டுக்கிட்டே இருங்க. இது காத்துக்கிட்டிருக்கும்.”

மீன் ஒருமுறை துடித்து அடங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்தபடியே குழலை மூடினாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. புகை கக்கும் திரவ நைட்ரஜன் கலத்துக்குள் குழல் இறங்கும்வரை அதைத் துடைக்கவில்லை. கை ஈரமாகிவிடும்.