ஒரு சிப்பிகூடக் கிடையாது

“ரெண்டு கை அள்ளிப் போட்டா போதும் அக்கா. எப்பவும் போல.”

“ஒரு சிப்பிகூடக் கிடையாது,” என்றாள் தொகியே, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. “உன் வாளியை என் பக்கத்துல வைக்காதே. தள்ளிப் போய் உட்காரு.”

சுமியோவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை பாதி செத்துப்போனதிலிருந்து, யாருக்கும் தெரியாமல் அவள் வாளியில் சிப்பிச் சதையை அள்ளிப் போட்டுக் காப்பாற்றியவள் இதே தொகியேதான். சிப்பி உடைப்பதில் ஹிரோஷிமா கரையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தாராள மனசு இன்றைக்குப் பார்த்தா வற்றிப்போக வேண்டும்?

மேனேஜர் கதோவாகி தாளும் பேனாவுமாக வந்து நின்றார்.

“சுமியோ-சான், உடம்புக்கு முடியலைன்னா வேலையிலிருந்து நின்னுக்கோங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். நீங்க தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிட்டீங்க. இவங்களால வேலை செய்ய முடியலைங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு அவங்க என்னைக் கேட்கிறாங்க. சரி, இன்னிக்கே எடுத்துடுவோம்.”

“தினமும் எடை எழுதறீங்களே?”

“அது செல்லாது. ஒருத்தர் வாளியில ஒருத்தர் போட்டுக்கறது எனக்குத் தெரியாதா? மதியம் வரைக்கும் இங்கேயேதான் நிற்பேன். மத்த ஆறு பேரோட சராசரியில நீங்க பாதி எடுத்தா, வேலை உங்களுக்கு. இல்லேன்னா நிறுத்திக்கலாம்னு அலுவலகத்துல ஒத்துக்கிட்டாங்க. கடைசியில எல்லாரும் அவங்கவங்க பேர் முத்திரையைத் தாள்ல குத்தணும்.”

சுமியோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். மற்றவர்கள் மதியத்துக்குள் ஆளுக்கு இருபது கிலோவுக்குக் குறைய மாட்டார்கள். பாதி என்றால் பத்து. கை விழுந்த பிறகு அவள் தனியாக ஒருநாளும் எட்டைத் தாண்டியதில்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஒற்றைக் கையோடு போய் நின்றால் வேலை கொடுக்க யார் காத்திருக்கிறார்கள்?

தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. கையுறை போட்ட இடது கையிலிருந்து சிப்பி நழுவி நழுவி விழுந்தது. கத்தி இரண்டு முறை உறையைக் கிழித்தது.

மற்ற ஆறு பேரோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுப்பைத் தூண்டி விடுங்கடி, விரல் விறைச்சுப் போச்சு,” என்று தொகியே எழுந்து போனாள். இன்னும் மூன்று பேர் கூடவே போனார்கள்.

“என் மருமகன் குறட்டை விட்டா, பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுது!” என்றாள் ஒருத்தி.

கொட்டகை அதிரச் சிரிப்பு.

‘என் பிழைப்பு போகப்போகுது, இவங்களுக்குக் குளிர் காயணுமா? இருபது வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டோமே!’ சுமியோவுக்குக் கண்ணீர் முட்டியது. துடைக்கக்கூட நேரமில்லை.

“பேச்சைக் குறைங்க,” என்று அதட்டினார் கதோவாகி.

“எடைக்குத்தானே கூலி, மேனேஜர்? பேசினா நஷ்டம் எங்களுக்குத்தானே?” என்றாள் தொகியே.

மணி பன்னிரண்டு அடித்தது. முதலில் சுமியோவின் வாளிதான் தராசில் ஏறியது.

“ஏழரை,” என்று எழுதிக்கொண்டார் கதோவாகி. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சுமியோ இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். “இத்தனை வருஷம் வேலை கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி.”

“அடுத்த வாளி.”

“எட்டு.”

“அடுத்தது.”

“ஒன்பது.”

பேனா தயங்கியது. எட்டரை. ஏழு. மறுபடியும் எட்டு.

சுமியோ மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். கடைசியாகத் தன் வாளியைத் தானே தூக்கி வந்து தராசில் வைத்தாள் தொகியே.

ஆறு கிலோ.

“என்ன விளையாடறீங்களா?” கதோவாகிக்கு முகம் சிவந்துவிட்டது. “நேத்து இதே நேரத்துக்கு நீங்க இருபத்தஞ்சு எடுத்தீங்க!”

“இன்னிக்குக் கையே ஓடலை. ஆறுன்னு எழுதி, சராசரி போட்டுப் பாருங்க.” தொகியே இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, தன் பெயருக்கு நேரே அழுத்திக் குத்தினாள். மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால் வரிசையில் நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுமியோவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

“நாளைக்கும் வந்து நிற்பேன்!” என்று கத்தினார் கதோவாகி.

“வாங்க மேனேஜர்,” என்றாள் தொகியே. “நாளைக்கும் எங்க யாருக்கும் கை ஓடாது.”