பெருவிரலில் ஒரு தழும்பு

கறுப்பும் வெள்ளையும் அழுத்தமாகப் பிரியும் ஃபிலிமுக்கு எந்த டெவலப்பர் கரைசல் சரிப்படும் என்று சொல்லவேண்டிய பொறுப்பு, கைரேகைப் பிரிவுப் புகைப்படக்காரர் தலையில் விழுந்தது. தன் வலது பெருவிரல் ரேகையையே மையில் ஒற்றி இரண்டு முறை படமெடுத்தார். ஃபிலிமைப் பிளேடால் இரண்டாக வெட்டி, ஒன்றை மிதமான கரைசலிலும் மற்றதைக் கடுமையானதிலும் கழுவினார்.

மிதமானதில் ரேகை மங்கலாக விழுந்தது. கடுமையானதில் பளிச்சென்று இருந்தது. கூடவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அவர் விரலில் அப்படி எதுவும் கிடையாது.

யாரோ கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரரின் விரலை வாங்கிப் பார்த்தார்.

“என் மேலயே சந்தேகமா சார்? நல்லாப் பாத்துக்குங்க.”

அதிலும் தழும்பு இல்லை.

கதவைத் தாழிட்டுவிட்டுப் புது ஃபிலிமில் மறுபடி செய்தார். அதே தழும்பு, அதே இடம். பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்; இன்னும் வெட்டு எதுவும் விழவில்லை. யாரோ கதவைத் தட்டவும், மேஜைமேல் கிடந்ததையெல்லாம் அள்ளி பேன்ட் பைக்குள் திணித்தார். ‘மிதமானதே போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

“இந்த டின்னைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்” என்று மனைவி நீட்டினாள். தகர மூடியின் விளிம்பு மின்னியது.

“ஐயோ, என்னால ஆகாதும்மா!”

சட்டென்று இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டார்.

ஃபிலிம் வெட்டிய பிளேடு அங்கேதான் இருந்தது.