கோழிக்குக் கலக்கும் மருந்து

கட்டைப் பிரித்தார்கள்.

நாற்றம்தான் முதலில் வந்தது. காயம் பிறகுதான் கண்ணில் பட்டது.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் போகவில்லை. அவர்களுடைய கோழிப்பண்ணைக்குப் பின்னால் செத்த கோழிகளை வீசும் குழி இருக்கிறது. அதை மூடியிருக்கும் தகரத்தைத் தூக்கினால் வருமே, அதே நாற்றம். கட்டின புருசனின் காலிலிருந்து வந்தது.

கருமம், என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். பண்ணையில் கோழி எரு அள்ளும்போது கம்பிவலை கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். இப்போது கெண்டைக்கால் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ்.

சிஸ்டர் பஞ்சால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.

டாக்டரம்மா அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு. பதமாகத்தான் பேசினார். வந்த நாளிலிருந்து ஏற்றிய மருந்து எதையும் இந்தக் கிருமி சட்டை செய்யவே இல்லை என்றார். சீழை எடுத்துச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்றார். கேட்காத மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒரு பெயரில் அவள் தலை நிமிர்ந்தது.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை மூட்டையில் எழுதியிருக்கும் பெயர். தினமும் விடிந்ததும் மூட்டைக்குள் கரண்டியை விடுகிறவள் அவள்தான். தொட்டியில் கொட்டி, முழங்கைவரை கையை விட்டுக் கலக்குகிறவளும் அவள்தான்.

கோழிக்குச் சீக்கு வந்தால் மட்டும் அல்ல. வராமல் இருக்கவும் அதுதான். எடை ஏறவும் அதுதான். புதுக் குஞ்சுகளை வாங்கிவந்து பண்ணையில் இறக்கின அன்றைக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கோழிகளை அவர்கள் தின்பதில்லை. ஊருக்கு விற்பார்கள். வீட்டுக்கென்று நாலைந்து நாட்டுக்கோழி கொல்லையில் மேய்கிறது.

“இதுக்கு முன்னாடி இந்த மருந்த எப்பவாச்சும் எடுத்திருக்காரா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்படிக் கிடக்கும்போது பொய் வாயில் வரவில்லை.

“கோழி மருந்துங்க. நாங்களும் போட்டுக்குவோமுங்க. சளி புடிச்சா, வயித்தால போனா, ஒரு சிட்டிகை.”

டாக்டரம்மாவின் முகம் சுளித்தது. அந்தக் காயத்தைப் பார்த்தபோதுகூட அப்படிச் சுளிக்கவில்லை.

அவளுக்கு நாக்கில் அந்தக் கசப்பு ஏறியது. வெல்லத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பான் நாச்சிமுத்து. தீவன வாடை அடிக்கும். கோழிக்குக் கேட்கிறது மனுசனுக்குக் கேட்காதா என்பான். ஒரே கரண்டிதான், தொட்டிக்கும் வீட்டுக்கும். காய்ச்சல் லேசாக விட்டதும் போதும் என்று நிறுத்திவிடுவான். தெருவில் யாருக்குச் சளி என்றாலும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவான். பெரிய வைத்தியன் என்ற நினைப்பு. ச்சீ. வாயைத் திறந்து காட்டி அவளும்தானே விழுங்கினாள்.

தன் கையைப் பார்த்தாள். புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். அந்த மருந்திலேயே குடித்தனம் நடத்திப் பழகின கிருமிகள் கோழியின் எச்சத்தில் இருக்கும், எருவில் இருக்கும், மனுசன் குடலிலும் இருக்கும். அதில் ஒன்று கீறல் வழியாகப் போயிருக்கலாம். இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. அதற்கும் மசியவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் காலை எடுத்தும் உயிர் மிஞ்சுமா என்று சொல்ல முடியாது.

அவள் தலையை ஆட்டினாள். வராந்தா ஓரத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனாள்.

சிஸ்டர் புது மருந்தைக் கொண்டுவந்தாள். விரல் உயரக் கண்ணாடிப் புட்டி. தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஊசியில் உறிஞ்சி, குளுக்கோஸ் பாட்டிலில் ஏற்றினாள். காலிப் புட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சொட்டு சொட்டாக இறங்கியது.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணைக்கு யார் போனார்கள் என்று கேட்டான். பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். தொட்டியில் மருந்து கலக்கச் சொன்னாயா என்று கேட்டான். அவள் அவன் தலையணையைச் சரிசெய்தாள்.

“ஏம்புள்ள, இது புது மருந்தா?”

“ஆமாங்க.”

“ரொம்பப் பெரிய மருந்தோ?”

“இதுக்கு மேல இல்லைன்னாங்க.”

அவன் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறான். சிரிப்போடு நாற்றமும் சேர்ந்து வந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

“அப்ப பேரக் கேட்டு வெச்சுக்க. அடுத்த குஞ்சு எறக்குனதும் தண்ணியில இதையே கலக்கிப்போடலாம்.”

அவள் தட்டிலிருந்து காலிப் புட்டியை எடுத்தாள்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். புட்டியில் ஒட்டியிருந்த தாளில் நகத்தை வைத்தாள்.

“என்ன பேரு போட்டிருக்குது?” என்றான் அவன் பின்னாலிருந்து.

“பேரு ஒண்ணும் போடலீங்க,” என்றாள்.

தாள் பிசிறு பிசிறாக உதிர்ந்தது. கடைசி எழுத்து போகும்வரை சுரண்டினாள்.