நெஞ்சுயரத்தில் ஒரு கிடார்

“இன்னும் மேல ஏத்துங்க பாய்” என்றாள் அனுசுயா.

ஷரீப் பெல்ட்டை இன்னொரு பிடி ஏற்றினார். அவர் தோளில் தொங்கிய பேஸ் கிடார் வயிற்றை விட்டு நெஞ்சுக்கு வந்து நின்றது.

தேனியில் தலை நரைக்கும்வரை கிடார் விற்றும் பழுது பார்த்தும் பிழைத்த மனிதர். இந்த உயரத்தில் மாட்டிக்கொண்டு எவனும் வாசித்து அவர் பார்த்ததில்லை.

“இப்படி மாட்டுனா வலது மணிக்கட்டு மடங்கி வலிக்கும் தங்கச்சி.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் புருஷனின் மணிக்கட்டுக்கு வலி தெரிந்தால் தேவலையே. அனுமந்தன்பட்டி சுந்தரலிங்கம் பேஸ் வாசிக்காத திருவிழா மேடை கம்பம் பக்கத்தில் கிடையாது. போன கார்த்திகையில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் காலையும் முடக்கிப் போட்டது. பேச்சும் அதோடு போயிற்று. இரவல் கொடுத்திருந்த கிடாரை மெல்லிசைக் குழு திரும்ப எடுத்துக்கொண்டது. கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஷரீப் கேள்விப்பட்டிருந்தார்.

கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கவில்லை. சுந்தரலிங்கத்தின் வாசிப்பைக் கிட்ட இருந்து பார்த்தவருக்கு அந்த மனது வரவில்லை.

இன்றைக்கு அவர் பெண்டாட்டி அனுசுயா காலையிலேயே வந்து, புருஷனுக்கென்று சொந்தமாக ஒரு நல்ல பேஸ் வேண்டும் என்கிறாள்.

கண்ணில் படுகிற மாதிரி வீட்டில் மாட்டிவைக்கத்தான் கேட்கிறாள் என்று ஷரீப் நினைத்தார். பளபளவென்று சிவப்பில் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனம் கனம் என்று ஒதுக்கினாள். கடைசியில் இருப்பதிலேயே லேசான, பார்வைக்கு ஒன்றுமில்லாத பழுப்பு நிறக் கிடாரில் வந்து நின்றாள்.

“கழுத்து அவுக பழைய கிடார் மாதிரியே இருக்கா?”

இருந்தது. அந்தப் பழைய கிடாரை எத்தனையோ முறை பழுது பார்த்தவர் ஷரீப்தான். அதே மெலிசு, அதே அகலம்.

“அப்ப கழுத்துல கையே வைக்காதீக. கீழ மட்டும் மாத்துங்க.”

கீழே அவள் மாற்றச் சொன்னதையெல்லாம் கேட்டால் எந்தக் கடைக்காரனும் எழுந்து போய்விடுவான். கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, தள்ளித் தள்ளி வேண்டும் என்றாள். ஷரீப் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையே கழற்றி வேறு மாட்டினார். கம்பி விறைப்பாக இருக்கிறது என்றாள். மெல்லிய கம்பி போட்டார். கட்டைவிரல் ஊன்றிக்கொள்ள ஒரு மரத்துண்டு வேண்டும் என்றாள். அதையும் இழைத்துத் திருகினார்.

ஒவ்வொரு தடவையும் அவள் ஆள்காட்டி விரலால் ஒரு கம்பியைச் சுண்டி, விரல் அடுத்த கம்பியில் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். திராட்சைக் கொத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன தடித்த விரல். சத்தத்தை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மேடையில் எது தன்னுடைய சத்தம் என்று பெண்டாட்டிக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சுந்தரலிங்கமே இந்தக் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போது பெல்ட்டை நெஞ்சுக்கு ஏற்றச் சொல்கிறாள். ஷரீப்புக்கு எரிச்சல் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

“தங்கச்சி, இடது கை அழுத்துனா மட்டும் சத்தம் வராதும்மா. சுண்டுறதுக்கு இன்னொரு கை வேணும். இதக் கொண்டுபோய் முன்னால வச்சு அவரை இன்னும் நோகடிச்சுராத.”

அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவுக வெளிய ஆட்டோவுலதான் இருக்காக பாய். ஒரு கை பிடிங்க, கூட்டிட்டு வருவோம்.”

ஷரீப்பும் ஆட்டோக்காரரும் தாங்கிப் பிடித்துச் சுந்தரலிங்கத்தைக் கொண்டுவந்து முக்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஷரீப் பெல்ட்டை அவருடைய இடது தோளில் மாட்டி, ஒலியைப் பெருக்கும் ஆம்பை இணைத்தார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு இடது கை மெல்ல எழுந்து கிடாரின் கழுத்தைத் தடவியது. விரல்கள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்து உட்கார்ந்தன. அழுத்தின. சத்தம் இல்லை. வலது கை தொடைமேல் அப்படியே கிடந்தது.

ஷரீப்பால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆம்பில் ஏதோ சரிசெய்கிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

கும்மென்று ஒரு சத்தம் எழுந்து கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

திரும்பினார். அனுசுயா புருஷனுக்குப் பின்னால் ஒட்டி நின்றிருந்தாள். அவருடைய வலது தோளுக்கு மேலாக அவள் வலது கை அவர் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. கட்டைவிரல் மரத்துண்டில் ஊன்றியிருந்தது. பெல்ட் ஒரு பிடி இறங்கியிருந்தாலும் அந்தக் கைக்குக் கம்பி எட்டியிருக்காது.

இடது கை அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. அவள் சுண்டினாள். நகர்ந்தது, சுண்டினாள். மூன்றாவதில் பிந்திவிட்டாள். அதற்கடுத்ததிலும் பிந்தினாள்.

சுந்தரலிங்கத்தின் இடது கால் தரையை ஓங்கி மிதித்தது. கழுத்தைத் திருப்பி, தலையை அண்ணாந்து, அவளை அவர் ஒரு பார்வை பார்த்தார்.

“முறைக்கிறாக பாய்” என்றாள் அனுசுயா. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவள் கையை எடுக்கவில்லை. “கார்த்திகைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் என்னைய முறைக்கிறாக.”

கால் மறுபடி தாளத்தைத் தொடங்கியது. இந்த முறை அவள் பிந்தவில்லை.