ஒரு புள்ளிகூட இல்லை

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து முதல் டோக்கன் வரை எல்லாம் கணவரோடு ஒரே வார்டில் இருந்த டிரைவருக்கே கிடைத்ததில் தையல்காரரின் மனைவிக்குத் தீராத பொருமல். இன்று அது தீர்ந்தது. இருவரின் ஸ்கேன் படங்களும் கைக்கு வந்திருந்தன. டிரைவரின் படத்தில் உடம்பெங்கும் பளிச்சென்று புள்ளிகள். தையல்காரரின் படத்தில் கட்டி இருந்த இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்ததும், இவள் படத்தைச் சட்டென்று கைப்பைக்குள் திணித்தாள்.

"எப்படிப் பாக்குறா பாருங்க! வயித்தெரிச்சல்."

"சும்மா இரு. பாவம், அவருக்கு அவ்வளவு இருக்கு" என்றார் தையல்காரர்.

டாக்டர் வந்தார். "டிரைவர் சார், நாளைக்கே ஊசியை ஆரம்பிச்சிடலாம்."

"எங்களுக்கு ஊசியே வேண்டாம்ல டாக்டர்?" என்று முந்திக்கொண்டாள் இவள். "படத்துல ஒண்ணுமே இல்லையே!"

டாக்டர் தயங்கினார். "கட்டி அப்படியேதாம்மா இருக்கு. ஸ்கேனுக்கு முன்னாடி ஏத்தின கதிர்வீச்சு மருந்து கட்டியில போய் ஒட்டினாத்தான் படத்துல வெளிச்சம் தெரியும். அது ஒட்டுற இடத்துலதான் கட்டியைக் கொல்ற ஊசியும் ஒட்டும். இவருக்கு ஒட்டவே இல்ல. இந்த ஊசி இவருக்கு உதவாது."

தையல்காரரின் மனைவி மெல்லத் திரும்பினாள். டிரைவரின் படத்தில் மின்னிய புள்ளிகளை விட்டு அவள் கண் நகரவே இல்லை.

டிரைவரின் மனைவி சத்தமில்லாமல் அந்தப் படத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.