ஒரு டம்ளரில் மட்டும்

முதல் வாயிலேயே மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. டீயில் இருப்பது சர்க்கரை இல்லை, உப்பு.

அதுவும் கரண்டி நிறைய.

நாக்கு நுனிவரை வந்துவிட்ட வார்த்தையை உப்போடு சேர்த்து விழுங்கினாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள்.

எதிரே நின்ற மருமகள் தலையாட்டினாள். காதுக்கு மேலே வளைந்து போகும் தழும்பை முடி மூடியிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தலைக்குள்ளிருந்து கட்டியை எடுத்த டாக்டர், உயிருக்குப் பயமில்லை, ஞாபகம்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், யாரும் கடிந்து பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றோடு அந்த வீட்டில் சண்டை ஒழிந்தது.

அதற்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தால் எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மாமியார் ஒன்று சொன்னால் மருமகள் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். மாமியார் மத்தியானம் படுத்துக்கொண்டே மறுநாளைக்கு வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்து வைப்பாள்.

இப்போது பால் பொங்கி வழிந்தாலும் "பரவாயில்லம்மா". குழாய் திறந்தே கிடந்தாலும் "பரவாயில்லம்மா". போன மாதம் மாமியாரின் செருப்பு பிரிட்ஜுக்குள், முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் ஒரு "பரவாயில்லம்மா" சொல்லிவிட்டு, சில்லென்ற செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்தாள்.

சொல்லிச் சொல்லி வாயே மரத்துப்போய்விட்டது. அந்தச் சண்டைக்காரியைத் திருப்பிக் கொடு என்று சாமியிடம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தினமும் கேட்டாள்.

மகன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் டீயையாவது மாற்றி வைக்கலாம் என்று அவனுடைய டம்ளரை எடுத்து ஒரு வாய் பார்த்தாள்.

இனித்தது.

மருமகளின் டம்ளரை எடுத்தாள்.

அதுவும் இனித்தது.

மாமியார் மெல்ல நிமிர்ந்தாள். மருமகள் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் துடித்தது.

"ஏண்டி! மறதின்னா மூணு டம்ளர்லயும்ல உப்பு இருக்கணும்? எனக்குன்னு பார்த்து அள்ளிப் போட்டிருக்கே! இது மறதி இல்லடி, கொழுப்பு!"

"அப்பாடா! திட்டறது உங்களுக்கு மறந்தே போச்சோன்னு பயந்துட்டேன், அத்தை."

மகன் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். அம்மா, அவளைப் போய், என்று ஆரம்பித்தவனை இரண்டு பேரும் ஒரே குரலில் உள்ளே துரத்தினார்கள்.

மாமியாருக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ என் செருப்பு? அதுவும் இந்தக் கொழுப்புதானா?"

மருமகளின் சிரிப்பு நின்றது.

"இல்ல, அத்தை. அது நெஜமாவே மறதிதான்."

மாமியாரின் நாக்கு நுனிக்கு "பரவாயில்லம்மா" வந்துவிட்டது.

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அதையும் சேர்த்துத் திட்டுங்க."

மாமியார் மிச்சமிருந்த உப்பு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.